ஃபோண்டா

மெக்சிகோ நாட்டு நகரங்களில், சந்தைக் கட்டடத்தின் உட்புறத்திலோ குடியிருப்புத் தெருவின் முனையிலோ, பெரும்பாலும் ஒரு தாயும் அவளுடைய மக்களுமாகச் சேர்ந்து நடத்திவரும் சிறிய உணவுச்சாலைக்கு ‘ஃபோண்டா’ என்று பெயர். கூலியாளும் குமாஸ்தாவும் குழந்தை குட்டிகளோடு வரும் குடும்பத்தாரும் சொற்ப விலையில் வயிறார உண்டு செல்லும் அவ்விடத்தின் பெயர், மூன்று பாஷைகளையும் ஒரு மகாசமுத்திரத்தையும் கடந்து வந்தது.

பண்டைக் கிரேக்கர் வழிப்போக்கர் தங்கும் விடுதியைப் ‘பாண்டொக்கியோன்’ என்றனர். ‘பான்’ என்பது எல்லாம். பிற்பகுதி, ஏற்றுக்கொள்ளுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆகவே யாவரையும் ஏற்கும் இடம் என்பது பதப்பொருள். கள்வரால் அடியுண்டு கிடந்தவனை நல்ல சமாரியன் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்துக்கு லூக்கா சுவிசேஷத்தின் கிரேக்க மூலம் வழங்கும் பெயர் இதுவே. தமிழ் வேதாகமம் அதனைச் ‘சத்திரம்’ என்று பெயர்த்தது மிகப் பொருத்தம். அரபியர் நாவில் அது ‘ஃபுந்துக்’ ஆயிற்று: கீழ்த்தளத்தில் சரக்கையும் பொதிமிருகங்களையும் விட்டு, மாடியில் வர்த்தகர் உறங்கும் முற்றம் வைத்த மாளிகை. ஸ்பெயினின் கிரனடாவில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவரும் விடுதிப் பலகைகளில் இச்சொல்லை நாள்தோறும் காண்கின்றனர்.

ஸ்பானிய மொழியோ இதனை இருமுறை பெற்றது. ‘அல்’ என்னும் அரபு முன்னொட்டோடு ஒட்டி வந்தது ‘அலோண்டிகா’ என்றாகி, அரசாங்கத் தானியக் களஞ்சியத்தைக் குறித்தது. மெக்சிகோவின் குவானஹுவாத்தோ நகரத்து அலோண்டிகாவில், 1810 செப்டம்பர் 28 அன்று, செல்வர்கள் தங்கள் திரவியத்தோடு கதவடைத்து ஒளிந்திருக்க, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக விடுதலைப் போரைத் தொடங்கிய இதால்கோ பாதிரியாரின் படை அதைத் தாக்கிப் பிடித்தது. முன்னொட்டில்லாமல் வந்த மற்றொன்றே ஃபோண்டா. படுக்கையையும் லாயத்தையும் காலப்போக்கில் கைவிட்டு, அடுப்பையும் மேஜையையும் மட்டும் வைத்துக்கொண்டது. அந்தஸ்தில் குறைந்த இவ்வடிவமே, யாவரையும் ஏற்பது என்னும் மூலப்பொருளை மாசின்றிக் காத்தது என்பது என் துணிபு.

அந்த அடுப்பின் சிறப்பைக் காலையில்தான் காண வேண்டும். முந்திய நாள் மிஞ்சிய மக்காச்சோள ரொட்டியாகிய தோர்த்தியாவைத் துண்டுதுண்டாக்கி, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, பச்சையோ சிவப்போ வேண்டிய மிளகாய்ச் சாற்றில் புரட்டி, உதிர்த்த பாலாடைக்கட்டியும் வெங்காய வளையங்களும் தூவித் தருவது ‘சிலாகிலேஸ்’. அதன் முதற்பகுதி மிளகாயைக் குறிக்கும் நஹுவாத்தல் சொல். அஸ்டெக்குகளின் அம்மொழி இன்றும் லட்சக்கணக்கானோரின் தாய்மொழியாக வாழ்கிறது. துண்டு ஊறிக் குழைந்துவிடாமலும் வறண்டு நில்லாமலும் தட்டுக்கு வரவேண்டிய அக்கணத்தை அறிவதே சமைப்பவளின் கைத்திறம். துணைக்கு வரும் காப்பி, மண்பானையில் பட்டையும் கட்டி வெல்லமும் இட்டுக் காய்ச்சியது. ஆக, கிரேக்கர் பெயரிட்ட கூரையின்கீழ் அஸ்டெக்கர் பெயரிட்ட பலகாரத்தை உண்டுவிட்டுப் பள்ளிக்கும் பட்டறைக்கும் போகின்றனர் அத்தெருவார். நண்பகல் சாப்பாட்டுக்கு அங்கே மறுபடி உலை ஏறுகிறது.