இண்டியானாபோலிஸ் 2005: 14 கார்களை நிறுத்திய டயர்

ஒரு ரேஸ் காரில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் சரி, அது தரையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். அந்த நான்கு இடங்களிலும் இருப்பது டயர்! இன்ஜினுக்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒரு பங்குகூட டயருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் 2005 ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், உலகமே டயரைப் பற்றி மட்டும்தான் பேசியது.

அந்த வருடத்து விதி

2005-ல் ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு ஒரு புது விதி வந்தது. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். பஞ்சரானாலோ சேதமானாலோ தவிர நடுவில் மாற்றக்கூடாது.

இதன் விளைவு மே 29 அன்றே ஜெர்மனியில் தெரிந்தது. முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த கிமி ராய்க்கோனனின் காரில் ஒரு டயர் தேய்ந்து, சக்கரம் அதிர ஆரம்பித்தது. மாற்றப் போனால் முதலிடம் போய்விடும். அப்படியே ஓட்டினார். கடைசி லேப்பில் சஸ்பென்ஷன் உடைந்தது. வெற்றி அலோன்சோவுக்குப் போனது. மூன்றே வாரத்தில் அடுத்த சோதனை.

13-வது வளைவு

அப்போது ஃபார்முலா 1-ல் டயர் கொடுத்தவை இரண்டு நிறுவனங்கள். பிரான்ஸின் மிச்செலின் 7 அணிகளுக்கு. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய 3 அணிகளுக்கு.

இண்டியானாபோலிஸின் 13-வது வளைவு மற்ற வளைவுகளைப் போன்றதல்ல. தரையே சுமார் 9 டிகிரி சாய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி கார்கள் அதில் பாயும்போது, பாரமெல்லாம் இடது பக்க டயர்கள் மேல் விழும். போதாக்குறைக்கு அந்தத் தரை புதிதாகப் போடப்பட்டிருந்தது.

ஜூன் 17, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டொயோட்டா அணியின் ரால்ஃப் ஷூமாக்கரின் பின்பக்க இடது டயர் அங்கே செயலிழந்து, கார் சுவரில் மோதியது. முந்தைய வருடமும் இதே வளைவில் மோதி அடிபட்டவர் அவர்!

பிரிட்ஜ்ஸ்டோனுக்கு மட்டும் பிரச்சினை வரவில்லை. அதன் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன்தான் அதே மைதானத்தின் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்தது. புதிய தரையைப் பற்றிய அந்த அனுபவம் கைகொடுத்தது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

மாற்று டயரும் கைவிட்டது

செருப்பு கடித்தால் வேறு செருப்பு மாட்டலாம். மிச்செலினும் அதைத்தான் நினைத்தது. பார்சலோனா பந்தயத்தில் பயன்படுத்திய வகை டயர்களை பிரான்ஸிலிருந்து அவசரமாக விமானத்தில் வரவழைத்தது. சோதித்துப் பார்த்தால், அவையும் அந்த வளைவைத் தாங்காது என்று தெரிந்தது!

இப்போது மிச்செலின் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். வாயை மூடிக்கொண்டு ஓட்டவிடலாம். அல்லது தன் சரக்கு பாதுகாப்பில்லை என்று தானே சொல்லலாம். எந்த வியாபாரி இரண்டாவதைச் செய்வான்? மிச்செலின் செய்தது. வளைவில் வேகம் குறைக்கப்படாவிட்டால் ஓட்ட வேண்டாம் என்று தன் அணிகளுக்குச் சொல்லிவிட்டது.

வளைவுக்கு முன் 'சிகேன்' எனப்படும் எஸ் வடிவத் தடுப்பு அமைக்கும்படி கோரிக்கை வைக்கப்பட்டது. சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. மறுத்தது. சரியான டயர் கொண்டுவந்தவர்களுக்கு அது அநியாயம் என்பது அதன் வாதம். மிச்செலின் கார்கள் அங்கே மெதுவாகப் போகட்டும் என்றது. இரு தரப்பு வாதத்திலும் நியாயம் இருந்தது. தீர்வுதான் இல்லை.

ஆறு கார்களின் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை 20 கார்களும் வரிசையாகக் கிளம்பின. அறிமுகச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் திரும்பி உள்ளே போய்விட்டன. மீதி ஆறே ஆறு! காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சலிட்டது. பாட்டில்கள் பந்தயப் பாதையில் வந்து விழுந்தன.

மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம். அந்த வருடம் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. பாரிச்செல்லோ இரண்டாவது, மான்டெய்ரோ மூன்றாவது. நான்காவது யார் தெரியுமா? கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன்! ஃபார்முலா 1-ல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். அன்று கிடைத்த 5 புள்ளிகள்தான் அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையின் மொத்தப் புள்ளிகளும். 'ஆறு பேரில் நான்காவது' என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் டயர் தேர்வு அவர் கையில் இல்லை. கொடுத்த காரைக் கடைசிவரை ஓட்டி முடித்தார், அவ்வளவுதான்.

கணக்கு

டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக மிச்செலின் அறிவித்தது. அடுத்த வருடப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டுகளையும் வாங்கித் தருவதாகச் சொன்னது. பெரிய நஷ்டம்தான். ஆனால் டயர் கம்பெனி விற்பது ரப்பரை அல்ல, நம்பிக்கையை. 2000 ஆகஸ்டில் இதே அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, அதற்குள் சாலைகளில் பலர் உயிரிழந்திருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால், இண்டியானாபோலிஸில் போனது பணமும் மானமும் மட்டுமே. உயிர் எதுவும் போகவில்லை.

2006-ல் டயர் மாற்றத் தடை நீக்கப்பட்டது. அந்த வருடக் கடைசியில் மிச்செலின் ஃபார்முலா 1-ஐ விட்டு விலகியது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர் வாங்குபவருக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய பெயர் மட்டும் போதாது. மிச்செலினை விடப் பெரிய பெயர் எத்தனை உண்டு? டயரின் பக்கவாட்டில் எவ்வளவு பாரம், எவ்வளவு வேகம் தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அது அந்தக் காருக்கும், அந்தக் கார் ஓடப்போகும் ரோட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாத டயருக்குச் சரியான வழி, அந்த 14 கார்களும் செய்ததுதான்: ஓட்டாமல் நிறுத்துவது!