மருவுக்கும் ஒரு நம்பர் உண்டு

ஆபீசுல ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கம் ஆளைக் காணோம். இன்னிக்கு அந்த ஆணியைப் பத்தியே ஒரு பதிவு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக்கதை. சோகக்கதை இல்லைங்க, தைரியமா படிக்கலாம் :-)

நான் பொட்டி தட்டுறது அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லிங் சாஃப்ட்வேர்ல. அங்க டாக்டர் என்ன வியாதின்னு எழுதினாலும், அது ஒரு எண்ணா மாறினாத்தான் இன்சூரன்ஸ்காரன் காசு கொடுப்பான். அந்த எண்களோட பட்டியலுக்குப் பேர் ஐசிடி. வியாதியை எண்ணா மாத்துற இந்த வேலையை மட்டுமே செய்யறவங்க சென்னையில ஏகப்பட்ட பேர். எனக்கு அது டேட்டாபேஸ்ல இன்னொரு டேபிள், அவ்வளவுதான். போன வருஷம் அப்பா முதுகுல ஒரு மரு வர்ற வரைக்கும்.

முதல்ல யாரும் கண்டுக்கலை. "வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் போடறதா வேண்டிக்கிட்டிருக்கேன், தானா உதிர்ந்துடும்"னு அம்மா. "தலைமுடியை இறுக்கிக் கட்டுங்க"ன்னு பக்கத்து வீட்டு மாமி. அது கறுத்துக்கிட்டே வந்து, ஒரு நாள் சட்டையில ரத்தம் பட்டதும் தோல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். அவர் வெட்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆகும்"னார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்த நிமிஷத்துல அப்பாவோட அந்த மருவுக்கு என்ன எண்? தேட ஆரம்பிச்சது எங்கெங்கயோ போயிடுச்சு.

இந்தப் பட்டியலோட பூர்வீகம் சாவுக் கணக்கு. 17ஆம் நூற்றாண்டு லண்டன்ல வாரா வாரம் யார் யார் எதனால செத்தாங்கன்னு ஒரு பட்டியல் போடுவாங்க. சாவு விழுந்த வீட்டுக்குப் போய் உடம்பைப் பார்த்துக் காரணம் சொல்றது டாக்டர் இல்லை, அதுக்குன்னு நியமிச்ச வயசான பெண்கள். 1662ல ஜான் கிரான்ட்ங்கற வியாபாரி அந்தப் பட்டியல்களையெல்லாம் கூட்டிப் பெருக்கி ஒரு புத்தகம் போட்டார். அதுல இருக்கிற சாவுக் காரணங்களைப் பாருங்க: 'பல்', 'திடீர்னு', 'துக்கம்'. சிரிக்காதீங்க. துக்கத்துல செத்தாங்கன்னு ஒரு கட்டம் இன்னிக்கு இருந்தாலும் நிரம்பத்தான் செய்யும்.

அடுத்த ஹீரோ வில்லியம் ஃபார். 1837ல இங்கிலாந்துல பிறப்பு, இறப்புப் பதிவு ஆபீஸ் தொடங்கினதுக்கு அப்புறம் அங்க புள்ளிவிவரம் பார்க்க வந்தவர். ஒரே வியாதிக்கு நாலு பேர், ஒரே பேர்ல நாலு வியாதின்னு இருந்தா எதை வச்சு எண்றதுன்னு புலம்பினவர். (நம்ம ஆளுங்க எழுதின பழைய கோடை மெயின்டெயின் பண்றவங்களுக்கு இந்த வலி புரியும்.) 1855ல பாரிஸ்ல நடந்த மாநாட்டுல ஃபார் ஒரு பட்டியல் வச்சார், ஜெனீவாவைச் சேர்ந்த மார்க் டெஸ்பைன் இன்னொண்ணு வச்சார். ரெண்டையும் கலந்து கட்டி 139 தலைப்போட சமரசம் பண்ணினாங்க.

1893ல சிகாகோவுல அதுக்குப் புது உருவம் கொடுத்தவர் ஜாக் பெர்ட்டிலான், பாரிஸ் நகரப் புள்ளிவிவரத் துறைத் தலைவர். இவரோட தம்பி அல்ஃபோன்ஸ் பெர்ட்டிலான் போலீஸ்ல இருந்தார். குற்றவாளிகளோட உடம்பை அளந்து, தழும்பு, மச்சம் எல்லாம் குறிச்சு வச்சு ஆளை அடையாளம் காண்ற முறையைக் கொண்டு வந்தவர். நம்ம ஸ்கூல் சர்டிபிகேட்ல 'அங்க அடையாளங்கள்: இடது கையில் ஒரு மச்சம்'னு எழுதறாங்களே, அந்த மாதிரி. தம்பிக்கு மச்சம்தான் பொழப்பே. அண்ணனுக்கு அது தேவையே இல்லை. அவர் எண்ணினது செத்தவங்களை. சாதா மச்சத்தால யாரும் சாகறதில்லையே!

அந்த நிலைமை மாறினது 1948ல. பட்டியலோட ஆறாவது திருத்தம் புதுசா பிறந்த உலக சுகாதார நிறுவனத்தோட கைக்கு வந்தது. சாவுக்குக் காரணமான வியாதிகளோட, உயிரோட இருக்கறவங்களுக்கு வர்ற வியாதிகளையும் எண்ணணும்னு முடிவாச்சு. சாகடிக்காத, சும்மா உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கிற சமாச்சாரங்களுக்கும் மரியாதை வர ஆரம்பிச்சது.

1979ல புழக்கத்துக்கு வந்த ஐசிடி-9ல தோல்ல வர்ற தீங்கில்லாத கட்டிகளுக்கு எண் 216. புள்ளிக்கு அப்புறம் வர்ற எண் இடத்தைச் சொல்லும்: 216.4 தலை, கழுத்து, 216.5 முண்டம். மச்சமும் மத்த கட்டிகளும் ஒரே டப்பாவுல. ஐசிடி-10 அதை உடைச்சது. மச்சத்துக்கு டி22, மத்ததுக்கு டி23. அமெரிக்கா ஒத்தி வச்சு ஒத்தி வச்சு 2015 அக்டோபர் 1லதான் ஐசிடி-10க்கு மாறுச்சு. சுமார் 14,000 எண் இருந்த இடத்துல சுமார் 70,000. அந்த சமயம் வீட்டுக்கே போகலைன்னு எங்க டீம் லீட் இன்னமும் கதை சொல்வார்.

நாம 'மரு'ங்கற ஒரே சொல்லுல அடக்கறதை இவங்க மூணா பிரிக்கிறாங்க. வைரஸால வர்றது பி07, கழுத்துல தொங்குற சதை எல்91.8, வயசானா வர்ற கறுத்த ஒட்டுத்தோல், அதாவது செபோரிக் கெரட்டோசிஸ், எல்82. இதுல காசும் இருக்கு. எல்82.0ன்னா வீங்கிப் புண்ணானது, எல்82.1ன்னா சும்மா இருக்கறது. சும்மா இருக்கறதை வெட்டினா 'அழகுக்காக எடுத்தது'ன்னு இன்சூரன்ஸ் கையை விரிச்சிட வாய்ப்பு அதிகம். ஒரு புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர், அதுல ஒருத்தரோட பாக்கெட்.

சரி, அப்பாவோட எண்? இங்கதான் விஷயமே. தெரியலைங்கறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, மைக்ராஸ்கோப்ல பார்த்தாச்சு, ஆனாலும் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியலை. இன்னொண்ணு, இன்னும் பார்க்கவே இல்லை. ஐசிடி-9 இதை 238, 239னு தனித்தனியா வச்சிருந்தது. ஐசிடி-10 ரெண்டையும் ஒண்ணா சேர்த்து, தோலுக்கு டி48.5ன்னு சொல்லிடுச்சு. அமெரிக்காக்காரங்க மட்டும் ஒத்துக்காம தங்களோட பதிப்புல டி49ன்னு ஒண்ணைச் சேர்த்து மறுபடி பிரிச்சாங்க. 2019ல ஏத்துக்கிட்டு 2022 ஜனவரி 1ல அமலுக்கு வந்த ஐசிடி-11ல உலக சுகாதார நிறுவனமே திரும்பப் பிரிச்சிடுச்சு. அதே ஐசிடி-11ல எல்82க்கும் வீடு மாத்தம்: தோல் வியாதி அத்தியாயத்துல இருந்து கட்டிகள் அத்தியாயத்துக்கு.

ஒரு ப்ரோக்ராமரா எனக்கு இது நல் வேல்யூ சமாச்சாரம்தான். காலியா விட்டதும், விடை கிடைக்காததும் ஒண்ணு இல்லை. ஆனா அந்த ஒன்பது நாள் மகனா உட்கார்ந்திருந்தப்பதான் வித்தியாசம் உறைச்சுது. "இன்னும் பார்க்கலை"ன்னா காத்திருக்கலாம். "பார்த்தோம், சொல்ல முடியலை"ன்னா என்ன பண்றது? டி49.2ன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன். டி48.5 ஆகிடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். எண்ணை வச்சு வேண்டுதல் பண்ணினவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. செபோரிக் கெரட்டோசிஸ். "ஒண்ணும் இல்லைப்பா, எல்82"ன்னேன். "பஸ் நம்பர் மாதிரி சொல்றியேடா"ன்னு சிரிச்சார்.

அடுத்த வாரம் அம்மா எங்களை வைத்தீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துட்டுப் போய் உப்பும் மிளகும் போட்டுட்டாங்க. "டாக்டர்தானேம்மா எடுத்தார்?"னு கேட்டேன். "வேண்டினது வேண்டினதுதான்"னாங்க. அந்தக் கணக்குக்கு ஐசிடில எண் இல்லை.

அப்புறம் ஒண்ணு. வீட்டுல யாருக்காவது மச்சமோ மருவோ நிறம் மாறினா, வளர்ந்தா, ரத்தம் வந்தா, முடி கட்டிப் பார்க்காம தோல் டாக்டரைப் பாருங்க. வரட்டா?