கைப்பிடி சொல்லும் வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர்களின் ஆட்சிக்காலங்களையும் போர்க்களங்களையும் நினைப்பது நம் வழக்கம். நாள்தோறும் நம் கை தொடும் எளிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பதை மாணவர்க்கு எடுத்துரைக்க நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஜொகூர் பாருவை அடுத்த ஒரு வாகனப் பட்டறையில், காரின் உட்புறக் கதவுக் கைப்பிடி ஒன்று இதனை எனக்கு உணர்த்திற்று. அப்பட்டறைக்கு உரியவர் என் பழைய மாணவர்.

ஜொகூருக்கும் மோட்டார் வாகனத்துக்கும் உள்ள உறவு நீண்டது. 1924ஆம் ஆண்டில் சிங்கப்பூரை இணைக்கும் நீரிணைப் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வுறவு மேலும் வளர்ந்தது. 1940களிலும் 1960களிலும் ஜொகூர் பாருவின் நகரச் சாலைகளிலேயே கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1960களின் பிற்பகுதியில் தம்போயில் கார் பொருத்தும் தொழில் வேரூன்றியது. தோட்டத்து லாரிகளை ஓட்டியும் அவற்றைப் பழுதுபார்த்தும் வாழ்ந்த நம்மவர் பலர், இத்தொழிலை ஏட்டில் கல்லாமல் கையால் கற்றனர்.

தொடக்ககாலக் கார்களின் உடற்பகுதியைச் செய்தவர்கள் குதிரை வண்டி கட்டிய தச்சர்களும் கொல்லர்களுமே ஆவர். எனவே வண்டிக் கதவின் திருகு கைப்பிடியே காருக்கும் வந்தது. விளையாட்டுக் கார்களிலோ எடையைக் குறைப்பதே நோக்கமாதலால், வெளிக் கைப்பிடியே இல்லாத கார்களும் தோன்றின. 1948இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்.கே. 120 திறந்த காரில், கையை உள்ளே நீட்டிக் கயிற்றை இழுத்தே கதவைத் திறக்க வேண்டும். 1959இல் வந்த மினி காரின் உட்புறத்திலும் கைப்பிடிக்கு மாறாக ஓர் இழுகம்பியே இருந்தது. 1965இல் ரால்ஃப் நேடரின் நூல் கார்களின் குறைகளை உலகறியச் செய்தது. 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. விபத்தின்போது உடலைத் தாக்கும் துருத்திய கைப்பிடிகள், அதன்பின் படிப்படியாகக் கதவின் குழிக்குள் ஒடுங்கின.

பழைய கார்கள் அருகிப்போனபோது அவற்றின் நகல்கள் எழுந்தன. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1949ஆம் ஆண்டின் இறுதி முதல் 1953 வரை ஏறத்தாழ 30,000 எம்.ஜி. டி.டி. கார்கள் உருவாயின. அவ்வடிவத்தைத் தழுவி, டொயோட்டா இயந்திரத்துடன் டி.டி. 2000 என்னும் கார் நம் மலேசியாவிலும் கட்டப்பட்டது. 1986இல் சிட்னியில் தோன்றிய புஃபோரி நிறுவனம் 1998இல் கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்து, 1930களின் தோற்றமுடைய கார்களைக் கையால் கட்டியது. நகல் என்பதற்காக இவற்றை இகழ்தல் பொருந்தாது. அசலை நுணுகிக் கற்றவரே நல்ல நகலைப் படைக்க இயலும்.

என் மாணவரின் பட்டறையில் நின்றதும் அத்தகைய ஒரு நகல் விளையாட்டுக் காரே. அதன் கதவுகள் கண்ணாடியிழையால் ஆனவை, பூட்டுகள் இக்காலத்தவை. உள்ளே பொருத்தவேண்டிய கைப்பிடிகளோ 1950களைச் சேர்ந்த ஆங்கிலேயக் கார் ஒன்றிலிருந்து கழற்றியவை. துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசியவை. பூட்டிலிருந்து வரும் சதுரத் தண்டில் கைப்பிடியைச் செருகி, குறுக்காணி ஒன்றால் பிணைக்க வேண்டும். சுருள்வில் தாங்கிய வட்டத் தகடு அவ்வாணியை மறைத்துக் காக்கும்.

தண்டு நுழையவில்லை. “ஐயா, கைப்பிடி அங்குலக் கணக்கு, தண்டு மில்லிமீட்டர்க் கணக்கு,” என்றார் அவர். கைப்பிடியின் துளை அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. 25.4ஐ ஐந்தால் பெருக்கிப் பதினாறால் வகுத்தால் 7.9375 மில்லிமீட்டர். தண்டின் அளவோ 8 மில்லிமீட்டர். இடைவெளி 0.0625, அதாவது மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. நம் முன்னோர் வாய்பாட்டில் சொல்வதானால், துளை காலே வீசம் அங்குலம். வேறுபாடு வீசம் மில்லிமீட்டர். இதனை நான் கூறக் கேட்டு அவர் வியந்தார். அவர் தாளின்றிக் கணக்கிட்ட விரைவைக் கண்டு நானோ நாணினேன். ஆறாம் ஆண்டில் இவர் கணக்கில் பின்தங்கியவர் என்று பதிவேட்டில் எழுதியவன் நானே.

“துளையைச் சற்று அராவிப் பெரிதாக்கலாமே, தம்பி?” என்றேன். அவர் மறுத்துத் தலையசைத்தார். “வார்ப்பு மெலிந்தால் விரிசல் விடும் ஐயா. இதைப் போல் இன்னொன்று கிடைக்காது. தண்டு கெட்டால் நாளையே வேறு வாங்கலாம். பழையதை அராவக் கூடாது. புதியதைத்தான் அராவ வேண்டும்.” அவ்வாறே தண்டின் நான்கு பக்கங்களையும் நுண்ணரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திப் பார்த்தார். கண்ணாடியிழை திருகாணியைச் சுற்றி வெடிக்காதிருக்க உட்புறத்தில் எஃகுத் தகடு ஒன்றை வைத்தார். முழங்கால் இடிபடாதவாறு கைப்பிடியின் கோணத்தையும் திருத்தினார். இறுதியில் கதவைப் பலமுறை மூடி, பூட்டின் இரு நிலைகளும் பிடிக்கின்றனவா எனக் காதால் கேட்டறிந்தார். அழகு பழையதாயினும் காவல் இன்றையதாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சொல்லே என் நெஞ்சில் நின்றது. தமிழாசிரியராகிய நாமும் இதே பணியைத்தான் செய்கிறோம் அல்லவா? பண்டைய செல்வத்தை இக்காலப் பிள்ளையின் உள்ளத்தில் பொருத்துகிறோம். பொருந்தாதபோது, பாடம் கடினம் என்று அதனைக் குறைக்கிறோம். அல்லது பிள்ளை மந்தம் என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். நாம் அராவவேண்டியது இவ்விரண்டையும் அன்று. இடையில் நிற்கும் தண்டாகிய நம் கற்பிக்கும் முறையையே ஆகும். காலே வீசத்தை வாய்பாடாக மட்டும் ஒப்பிக்கச் செய்தேன். ஒரு கைப்பிடியையும் தண்டையும் அச்சிறுவனின் கையில் கொடுத்திருந்தால், அன்றே அவன் கணக்கை வென்றிருப்பான்.

அப்பதிவேட்டை இனி என்னால் திருத்த இயலாது. என் பள்ளியில் இன்று பயிலும் பிள்ளைகளின் பதிவேடுகள் இன்னும் என் மேசைமீது உள்ளன. அவற்றில் எழுதுமுன், மாணவரின் கைகளையும் ஒருமுறை உற்று நோக்குவேன்.