கைப்பைக்குள் வந்த மிளகாய்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்து இறங்கிய மிளகாய், பெண்களின் கைப்பைக்குள் நுழைய நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் அதன் காரத்தைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வற்றலை அரைத்துக் கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் கருஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று ஓர் எண்ணெய் தங்கும். ஓலியோரெசின் என்பார்கள். மசாலாக் கம்பெனிகள் வாங்கும் சரக்குதான். அதைக் குப்பியில் அழுத்தி அடைத்தால் பெப்பர் ஸ்பிரே. கண்ணில் பட்டதும் இமை தானாக மூடிக்கொள்ளும், மூச்சு முட்ட இருமல் வரும். வெறும் தண்ணீரில் லேசில் போகாது. எரிச்சல் அடங்க அரை மணி, முக்கால் மணி ஆகும். ஓடித் தப்பிக்க அது தாராளம்.

அமெரிக்காவில் 1960களிலேயே தபால்காரர்கள் நாய்க்கடிக்குப் பயந்து இதை வைத்திருந்தார்கள். 1980களில் கம்ரான் லோக்மன் என்பவர் எஃப்.பி.ஐ.யோடு சேர்ந்து போலீஸுக்கான ஆயுதமாக இதை வளர்த்தெடுத்தார். 2011 நவம்பரில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், தரையில் அமைதியாக உட்கார்ந்து போராடிய மாணவர்களின் முகத்தில் ஒரு போலீஸ்காரர் அதை வரிசையாக அடித்துக்கொண்டே போனார். லோக்மனே அதைக் கண்டித்தார்.

இந்தியாவில் 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு இதன் விற்பனை எகிறியது. லைசென்ஸ் தேவையில்லை. பிரிட்டனிலோ துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை. 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானாவைத் தனி மாநிலமாக்கும் மசோதா வந்தபோது விஜயவாடா எம்.பி. லகடபாடி ராஜகோபால் மக்களவைக்குள்ளேயே இதை அடித்தார். சில உறுப்பினர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம், உயிருக்கு ஆபத்தில்லாதபோது இதை அடித்ததைத் தற்காப்பு என்று ஏற்க மறுத்து, இது அபாயகரமான ஆயுதம்தான் என்றது. சரியான தீர்ப்பு.

ஆனால் அதைக் காட்டித் தடை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் நடக்கும் பெண்ணுக்குப் போலீஸ் வந்து சேரும்வரை வேறு என்ன துணை இருக்கிறது? அவள் கையில் அது இருக்கட்டும். தவறாக அடித்தவன் மேல் வழக்குப் போட சட்டம் இருக்கிறது. அரசு கவனிக்க வேண்டியது தரத்தை. எவ்வளவு காரம், எத்தனை அடி பாயும், எப்போது காலாவதி என்பதைக் குப்பியில் தெளிவாக அச்சிடச் சொல்ல வேண்டும். நாளானால் உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். பழைய குப்பியை நம்பிப் பொத்தானை அழுத்தினால், எதிரே நிற்பவன் முகம்வரை பாயாமல் அவள் விரலிலேயே வழியும்.