முனகலில் பிறந்த மூச்சு

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்கூட்டியே பேட்ரிக் என்று ஒரு மகன் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மூச்சுத் திணறிய பேட்ரிக்கை ஆம்புலன்சில் பாஸ்டனுக்குக் கொண்டு ஓடினார்கள். நாட்டையே ஆண்ட தகப்பனாலும் காப்பாற்ற முடியவில்லை. 39 மணி நேரத்தில் குழந்தை கண்ணை மூடியது. இத்தனைக்கும், பிழைக்கும் வழியை இப்படித் திணறும் குழந்தைகளே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. காதில் வாங்கத்தான் ஆளில்லை.

அது ஒரு முனகல். மூச்சை விடும்போதெல்லாம் தொண்டையிலிருந்து வரும் 'ம்ம்'. 1968-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தொண்டைக்குள் குழாய் செருகியதும் முனகல் நின்றது. கூடவே ரத்தத்தில் ஆக்சிஜனும் சரிந்தது! குழாயை உருவியதும் முனகல் திரும்பியது, ஆக்சிஜன் ஏறியது. குறைமாத நுரையீரலின் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தொண்டையை இறுக்கிக் காற்றை அழுத்தத்தோடு தேக்கிக்கொண்டிருந்தது அந்தப் பிஞ்சு. சரி, களைத்துப்போய் முனகவும் தெம்பில்லாத குழந்தை என்ன செய்யும்?

அதற்காக அந்த அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் கிரிகரி. 1971-இல் முடிவு வெளியானது: 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. பிறகு நியூயார்க்கில் ஜென் டியென் வுங், மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தினார். எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ, அத்தனை அழுத்தம். குமிழி கொப்பளித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். எளிமையில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எல்லாம் வார்டுக்குள் இருக்கும்வரைதான்.

ஏற்காடு மலைமேல் ஒண்டிக்கடையிலிருந்து இப்படி ஒரு குழந்தையைச் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் அழுத்தம் விட்டுப்போனால் காற்றுப் பைகள் மறுபடி சுருங்கத் தொடங்கும். மின்சாரமோ சிலிண்டரோ கைவிட்டால்?

இந்தக் கேள்விக்கு விடை பெங்களூரில் பிறந்தது. நிதேஷ் குமார் ஜாங்கிரும் கூட்டாளிகளும் 'ஸான்ஸ்' என்ற கருவியை உருவாக்கினார்கள். கரண்டில் ஓடும், பேட்டரியில் ஓடும், அழுத்தக் காற்றிலும் ஓடும். எதுவும் இல்லையென்றால் கையால் பம்ப் செய்யலாம். 2019-இல் காமன்வெல்த் பொதுச்செயலரின் 'நிலையான வளர்ச்சிக்கான புத்தாக்க விருது' நிதேஷுக்குக் கிடைத்தது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இன்று சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் 'சிபாப்', வெளியிலிருந்து கொடுக்கும் இந்த அழுத்தம்தான். அது பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து பயனில்லை. மலைமேல், வண்டி கிளம்பும் முன்பே குழந்தையின் மூக்கில் பொருத்தப்பட வேண்டும்.