படுக்கையிலிருந்து ஓட்டப் பாதைக்கு

மாரடைப்பு வந்தவர் ஓடலாமா? கேட்ட மாத்திரத்திலேயே வீட்டில் உள்ளவர்கள் பதறிப் போவார்கள். "இனிமேல் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது" என்று கட்டளையிடும் குடும்பங்கள் திகாம் பத்திலும் உண்டு, சுங்கைப்பட்டாணியிலும் உண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேடு பள்ளமெல்லாம் நடந்து பால்மரம் வெட்டிய தலைமுறையின் பிள்ளைகள், ஒருமுறை நெஞ்சு வலித்ததும் நாற்காலியோடு முடங்கிவிடுகிறார்கள். அன்பினால் போடும் தடைதான். ஆனால், இந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

மருத்துவர்களிடமிருந்தே வந்தது! 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மாரடைப்பு கண்டவர் நான்கு முதல் ஆறு வாரங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதே விதி. அசைந்தால் இதயம் கிழிந்துவிடும் என்று அஞ்சினார்கள். நெடுநாள் படுத்திருந்ததால் காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலை அடைத்து இறந்தவர்களும் உண்டு.

இந்த விதியை அமெரிக்காவின் போஸ்டன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் எதிர்த்தார்கள். 81 நோயாளிகளைச் சில நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, அதன் பலனை 1952இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்ததே அன்று ஒரு புரட்சி!

நாற்காலியிலிருந்து எழுந்தவர்கள் மெல்ல நடந்தார்கள், நடந்தவர்கள் ஓடினார்கள். கனடாவின் டொரோண்டோ நகரில் டாக்டர் டெரன்ஸ் கவானா, மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி அளித்தார். அவர்களில் எழுவர் 1973இல் அதே போஸ்டன் நகரின் மாரத்தானில் ஓடினார்கள். தூரம் 42 கிலோமீட்டருக்கும் மேல்.

நம் நாட்டிலும் சான்று இருக்கிறது. கெடாவின் அலோர்ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர், 1989 ஜனவரியில் மாரடைப்புக்குப் பின் கோலாலம்பூர் மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வெளிநாட்டுக்குப் போகவில்லை. அதன்பின் 14 ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக உழைத்து, 2003 அக்டோபர் 31இல் பதவி விலகினார். 2007இல் மீண்டும் அறுவைச் சிகிச்சை. 2018இல் 92 வயதில் மறுபடியும் பிரதமரானார். அவர் மாரத்தான் ஓடவில்லை. ஆனால் முடங்கவும் இல்லை.

அவர் பதவி விலகிய அந்த 2003 அக்டோபர் இறுதி வாரத்தில்தான், பிரிட்டிஷ் சாகசப் பயணி ரனல்ஃப் ஃபைன்ஸ் ஏழு நாட்களில் ஏழு மாரத்தான்களை ஓடிக்கொண்டிருந்தார். வயது 59. அவ்வாண்டு ஜூன் மாதம்தான் மாரடைப்பால் சுயநினைவிழந்து, இதய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகியிருந்தார். ஏழில் ஒன்று சிங்கப்பூரில் நடந்தது. நாம் நன்கறிந்த அந்த வெக்கை அவரை வாட்டி எடுத்தது. இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 130ஐத் தாண்டக்கூடாது என்ற மருத்துவர் சொல்லே அவருக்கு எல்லைக்கோடு.

அந்த எல்லைக்கோடுதான் முக்கியம். ஓட்டத்தைப் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸ், 1984இல் ஓடும்போதே மாண்டார். வயது 52. அவருடைய தந்தையும் மாரடைப்பால் 43 வயதில் இறந்தவர். மகனின் இதயக் குழாய்களில் இருந்த பெரும் அடைப்பு பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஓட்டம் மட்டுமே மருந்தாகிவிடாது, பரிசோதனையும் வேண்டும்.

ஆகவே, மாரடைப்பிலிருந்து மீண்ட அப்பாவை நாற்காலியில் கட்டிப் போட வேண்டாம். மறுநாளே திடலுக்கு விரட்டவும் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அனுமதித்தால் வீட்டு வாசல்வரை, பிறகு தெருமுனைவரை, பிறகு கோயில்வரை நடக்கட்டும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். ஓட்டம் அதற்கப்புறம்தான். அதுவரை "நடக்காதே" என்று தடுப்பதைவிட, கூடவே நாலு எட்டு நடந்து போவதே பிள்ளைகள் செய்யக்கூடிய பேருதவி.