முத்து அரசுக்கு, சிப்பி வீட்டுக்கு

டிசம்பர் பிறந்தால் தூத்துக்குடியின் கத்தோலிக்க வீடுகளில் முன்னறையின் ஒரு மூலையை ஒழித்து வைக்கிறார்கள். அங்கே ஒரு மேசையோ பலகையோ போடுகிறார்கள். கசக்கிச் சாயம் தெளித்த பழுப்புத்தாள் அதன்மேல் பாறையாகிறது, மணல் பாதையாகிறது, பனையோலை கொட்டகைக்குக் கூரையாகிறது, கிண்ணத்தில் விதைத்த கேழ்வரகு புல்வெளியாகிறது. மாதா, சூசையப்பர், பாலன், இடையர், மூன்று ராஜாக்கள் ஆகிய சுரூபங்கள் மட்டுமே காசு கொடுத்து வாங்குபவை. இயேசு பிறப்பைக் காட்டும் இந்த அமைப்புக்குப் பெயர் குடில். கோயில் குடில்தான் அசல், வீட்டுக் குடில் வசதிக்குத் தக்கபடி சுருக்கிய நகல் என்றே பலரும் நினைக்கிறார்கள். முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையின் நீண்ட வரலாறு வேறொரு முடிவுக்கு இட்டுச் செல்கிறது. வீட்டு அலங்காரத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. சிக்கனம் அந்த இலக்கணத்தின் முதல் விதி. வசதி வந்தவுடன் கைவிட வேண்டிய தற்காலிக ஏற்பாடாக அதைக் கருதுவது சரியல்ல.

முதலில் இந்தக் கரையின் பொருளாதாரத்தைப் பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், இந்தக் கரையின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததைப் பதிவு செய்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதும்போதும் மன்னனுக்குப் பங்கு கொடுத்தே முத்துக்குளித்தார்கள். பின்னர் போர்ச்சுக்கீசியர் வரி வாங்கினர். டச்சுக்காரர்கள், குளிப்பவர் காலில் கட்டி இறங்கும் கல்லையே அலகாக வைத்து, ஒரு கல்லுக்கு இவ்வளவு என்று வசூலித்தனர். ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்குச் சிப்பி அரசுக்கு, மீதி ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்று பிரித்தார்கள். கரையில் குவித்த சிப்பிகளை அழுகவிட்டு, அலசி, முத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். வியாபாரிகள் அதை வாங்கிப் போனார்கள். சங்கின் கதையும் இதுதான். அது அரசின் ஏகபோகமாக இருந்து, வங்காளத்துக்குக் கப்பலேறி, அங்கே மணமான பெண்களின் வளையலானது. 1961-இல் நடந்ததோடு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தக் கரையில் விலை போகக்கூடியது எல்லாம் வெளியே போயிற்று. முத்தெடுத்தவன் வீட்டுக்கு மிஞ்சியவை சிப்பி, மணல், ஓலை. இந்த எச்சங்களைக் கொண்டு அழகு செய்யக் கற்றுக்கொண்டதை வறுமையின் அடையாளமாக மட்டும் படித்தால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும்.

மறுபாதி, வழிபாடு வீட்டுக்குள் வந்த கதை. 1530-களில் முத்துக்குளித்து வாழ்ந்த பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது ஊர்கள் பல, குருக்களோ மிகச் சிலர். தமிழில் ஆக்கிய மன்றாட்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வழியாகப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொண்டுபோனதை அவரே தம் கடிதங்களில் எழுதுகிறார். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். பால்டேயுஸ் என்ற போதகர் மூலம் பரதவரைத் தம் சபைக்கு இழுக்க முயன்றும் பலிக்கவில்லை. கோயில் கைவிட்டுப் போன காலத்தில் நம்பிக்கையைத் தாங்கியவை வீடுகள். இதற்கு இணையான ஒன்று ஐரோப்பாவிலும் நடந்தது. 1780-களில் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு கோயில்களில் குடில் வைக்கத் தடை விதித்தபோது, மக்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வீட்டுக் குடில் பெருகியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். இரண்டு இடத்திலும் தெரிவது ஒன்றே: வீட்டு மேசை கோயிலின் மிச்சத்தில் வாழ்வதில்லை. கோயில் கதவு அடைபட்டபோதும் அது நின்றது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குடிலே இறக்குமதிதானே? 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் அசிசி பிரான்சிஸ் தொடங்கிவைத்து, நேப்பிள்ஸின் செல்வர் வீடுகளில் பதினெட்டாம் நூற்றாண்டில் உச்சம் தொட்ட வழக்கத்துக்குத் தூத்துக்குடியில் என்ன தனி இலக்கணம்? உருவம் வெளியிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் செய்யும் கை இந்த மண்ணுடையது. மதுரைக்கு அருகே விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்கிற அதே கைகள், கிறிஸ்துமஸுக்கு மாதாவையும் இடையர்களையும் செய்கின்றன. கொலுவுக்கு முன்னால் கேழ்வரகும் கடுகும் முளைக்கவைத்துப் ‘பார்க்’ போடுவதும், அம்மன் கொடைக்கு முளைப்பாரி வளர்ப்பதும், குடிலுக்குப் புல் வளர்ப்பதும் ஒரே பழக்கத்தின் மூன்று முகங்கள். பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4-ஆம் தேதி கோதுமை விதைத்துக் கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கிறார்கள். அங்கும் அது ஏழை பணக்காரர் எல்லார் வீட்டுக்கும் பொது. ஒரு பிடி தானியம் எல்லாச் சமையலறையிலும் இருக்கும், முளைக்க ஒரு வாரம் போதும். எவர் வீட்டிலும் கைக்கெட்டும் பொருளைக் கொண்டு பருவத்தைக் காட்டுவது உலகெங்கும் வீட்டு அலங்காரத்தின் பொது விதி. அதைத் தூத்துக்குடி கடன் வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு, தூத்துக்குடியின் பனிமய மாதா கோயிலின் பொன் தேர். 1806-இல் முதன்முதலாக இழுக்கப்பட்ட அந்தத் தேரை வைத்துக்கொண்டு, இந்த மக்கள் எளிமையை விரும்பினார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? கையில் காசு இருந்த இடத்தில் பொன்னைத்தானே பூசினார்கள்? உண்மை. ஆனால் எங்கே பூசினார்கள், எத்தனை முறை வெளியே கொண்டுவந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5-இல் திருவிழா வருகிறது. பொன் தேரோ சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே ஓடும். 1806 முதல் 2023 வரை ஓடியது 16 முறைதான். பரதவர் சாதித்தலைவரின் முன்னிலையில் தொடங்கிய தேர் அது. வடம் பிடிப்பதோ ஊர் முழுவதும். ஆடம்பரத்தைப் பொதுவில் வைத்து, அரிதாக்கி, பலர் தோளில் ஏற்றியதால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ஆடம்பரம் காட்ட வேண்டிய கட்டாயம் குறைந்தது. தேருக்கும் குடிலுக்கும் முரண்பாடு இல்லை. வேலைப் பிரிவினை இருக்கிறது. இந்தப் பிரிவினை குலைந்து, தேரின் ஆடம்பரத்தை வீட்டு மேசையில் தேடும்போதுதான் கடன் உள்ளே வருகிறது.

வீட்டு மேசை எப்படிச் சிக்கனமாகிறது என்பதற்கு விடை ஆண்டுச் சுழற்சியில் இருக்கிறது. மே மாதம் மாதாவின் வணக்க மாதம். அதே மேசையில் மாதா சுரூபமும் பூவும். அக்டோபர் செபமாலை மாதம். சுரூபம் அதுவே, பூ மட்டும் மாறும். தவக்காலத்தில் ஊதாத் துணி போர்த்தினால் போதும். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுக்கிற ஓலையை மடித்துச் செய்த சிலுவை அடுத்த ஆண்டுவரை சுவரில் நிற்கும். டிசம்பரில் குடில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பிரித்துச் சுருட்டிப் பெட்டிக்குள் போய்விடும். வாங்கிய பொருள் குறைவு, மாற்றி அடுக்கும் திறமை அதிகம். குடிலுக்குப் பனி வேண்டுமென்றால் பஞ்சைப் பிய்த்துப் போடுகிறார்கள். பனியே பெய்யாத ஊர், பனிமய மாதாவைக் கொண்டாடுகிறது. கரிசல் பருத்தியைக் கப்பலேற்றிய துறைமுகம் அது, 1908-இல் வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்திய கோரல் மில் இருந்த ஊர். அங்கே பனிக்குப் பஞ்சைவிடப் பொருத்தமான பொருள் வேறென்ன இருக்க முடியும்?

இன்றைய மறுப்பு வேறு வகை. பிளாஸ்டிக் மரமும் சரவிளக்கும் முன்பைவிட மலிவாகிவிட்டன. ஓலை பின்னவும் தானியம் முளைக்கவைக்கவும் யாருக்கு நேரம் இருக்கிறது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் கடையில் வாங்குவதுதானே உண்மையான சிக்கனம் என்கிறார்கள். நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது சரியே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் உடைந்து மங்கிப்போய் மாற்றுகிற பொருளின் விலையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். சுட்ட மண் சுரூபம் பத்திரமாக வைத்தால் தலைமுறை தாண்டும். ஆண்டுக்கு ஒன்று வாங்கினாலும் பத்து ஆண்டில் குடில் நிறைந்துவிடும். கடையில் வாங்குவதை முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. வாங்குவது நிலைக்க வேண்டும், நிலைக்காதது கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பதே இந்த மேசையின் கணக்கு.

பழைய வழக்கம் என்பதாலேயே எல்லாவற்றையும் தொடரவும் முடியாது. கடலில் கிடைப்பது இலவசம் என்ற எண்ணத்துக்கு இந்தக் கரை பெரிய விலை கொடுத்திருக்கிறது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டியே தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலாங்குசல்லித் தீவு நீருக்குள் மூழ்கியது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளமும் சில வகைச் சங்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. ஆகவே குடில் பாறைக்குப் பவளத் துண்டு எடுப்பது சட்டப்படி குற்றம். அழகுக்கும் அது தேவையில்லை. மிச்சத்தைக் கொண்டு அழகு செய்வதுதான் இந்த மரபு. கடலிடமே மிச்சம் இல்லாதபோது எடுப்பது மரபாகாது. இந்த டிசம்பரில் தாளைக் கசக்குங்கள், பஞ்சைப் பிய்த்துப் போடுங்கள், பதின்மூன்றாம் தேதி வாக்கில் ஒரு பிடி கேழ்வரகை விதையுங்கள். செலவு செய்தே தீர வேண்டுமென்றால், ஒரு குயவரின் மண் பொம்மைக்குச் செய்யுங்கள்.